எண்டோஸ்கோபி நார்மல், ஆனால் தண்ணீர்கூட இறங்கவில்லை: எதற்கு இந்த 'பிரஷர் டெஸ்ட்'?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

எழுதியவர் 41 வயதுப் பெண், ஆசிரியை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டோம். இரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சாப்பாடு நெஞ்சின் நடுவில் நிற்கிறது. முதலில் எப்போதாவது வந்தது, இப்போது தினமும். திட உணவு மட்டுமல்ல, ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் அப்படித்தான். எழுந்து நின்று, தோளைப் பின்னுக்குத் தள்ளி, மேலே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் 'தடக்' என்று இறங்குகிறதாம். இரவில் படுத்தால் சாப்பிட்டது சாப்பிட்டபடியே வாய்க்கு வருகிறது. தலையணை நனைகிறது. சில இரவுகளில் புரையேறி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். "புளிப்போ கசப்போ இல்லை" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். எடை 7 கிலோ குறைந்திருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஓராண்டு சாப்பிட்டும் பலனில்லை. எட்டு மாதங்களுக்கு முன் செய்த எண்டோஸ்கோபி 'நார்மல்'. அதன்பிறகு வீட்டில் எல்லோரும் "டென்ஷன்தான் காரணம்" என்று முடிவு கட்டிவிட்டார்கள், அவரும் பாதி நம்பிவிட்டார். இப்போது புதிதாகப் பார்த்த மருத்துவர், உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மானோமெட்ரி பரிசோதனையை எழுதிக்கொடுத்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள் இவை. எண்டோஸ்கோபியே நார்மல் என்றால் இன்னொரு டெஸ்ட் எதற்கு? எனக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கிறது, அம்லோடிபின் சாப்பிடுகிறேன். அதனால் இந்த டெஸ்டிலும் அதிகம் காட்டுமா? மூக்கு வழியாகக் குழாய் விடுவார்களாமே, மயக்க மருந்து கொடுத்துச் செய்யக் கூடாதா? பதிலுக்கு சி.டி. ஸ்கேன் போதாதா? புற்றுநோயாக இருக்குமோ? கடைசியாக, டெஸ்ட் முடிந்து அன்றே வேலைக்குப் போகலாமா?

மருத்துவரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த 'டென்ஷன்' விஷயத்தை முடித்துவிடுவோம். மனக்கவலையால் தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்திருப்பது போலத் தோன்றுவது உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் தெரியும், சாப்பிட உட்கார்ந்தால் மறைந்துவிடும். உங்களுக்கு நேர்மாறாக, விழுங்கும்போதுதான் நிற்கிறது. மேலே தண்ணீர் ஊற்றித் தள்ள வேண்டியிருக்கிறது, எடை குறைகிறது, தலையணை நனைகிறது. கவலை உங்களுக்கு இருக்கலாம், இரண்டு வருடம் சரியாகச் சாப்பிட முடியாமல் போனால் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் அது நோயின் விளைவு. அதையே காரணம் என்று சொல்லிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுபோகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது நீங்கள் அடிக்கோடிட்ட வரிதான். இரைப்பைக்குள் போய்த் திரும்பி வரும் உணவு புளிக்கும் அல்லது கசக்கும். உங்களுக்கு வருவது புளிக்கவில்லை என்றால், அது இரைப்பைக்குப் போகவே இல்லை, வழியிலேயே தங்கியிருந்து படுத்ததும் திரும்பியிருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. அப்படியானால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒரு வருடம் பலிக்காததில் ஆச்சரியம் இல்லை. (உணவு அங்கேயே தங்கிப் புளித்துப்போய், நெஞ்செரிச்சல் மாதிரியே தோன்றுவதும் உண்டு. அதனால் புளிப்பு இருந்தால் இந்தக் கோளாறு இல்லை என்று திருப்பிப் போட்டுச் சொல்லிவிட முடியாது.)

இரண்டாவது துப்பு தண்ணீர். வழி குறுகியிருந்தால் முதலில் பெரிய கவளம் நிற்கும், பிறகு சின்னக் கவளம், கடைசியில்தான் தண்ணீர். ஆரம்பத்திலிருந்தே திடமும் திரவமும் ஒன்றாக நிற்கிறது என்றால், வழியின் அகலத்தைவிட வேலை செய்யும் தசையின் மேல்தான் சந்தேகம் போகும். உங்கள் மருத்துவரும் இதைக் கேட்டுத்தான் மானோமெட்ரி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

'குழாய்' என்ற பெயர் செய்த குழப்பம்

உணவுக்குழாய் என்று பெயர் வைத்ததால், மேலே போட்டால் தானாகக் கீழே விழும் தண்ணீர்க் குழாய் போல அதை நினைத்துக்கொள்கிறோம். அது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசை. தலைகீழாக நின்று விழுங்கினாலும் ஆரோக்கியமான உணவுக்குழாய் உணவை இரைப்பைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மேலே ஒரு சுருக்குத்தசை, கீழே இரைப்பை தொடங்கும் இடத்தில் இன்னொன்று. இரண்டும் சுருக்குப்பையின் வாய் மாதிரி எப்போதும் இறுக்கியே இருக்கும். நீங்கள் விழுங்கியதும் மேல்வாய் ஒரு கணம் திறந்து மூடும். அப்புறம் மேலிருந்து கீழாக ஒரு சுருக்க அலை கிளம்பி, உணவைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளிக்கொண்டே வரும். நொடிக்குச் சில சென்டிமீட்டர் வேகம்தான். கீழே வந்து சேர எட்டு, பத்து நொடி ஆகும்.

இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது கீழ்வாயின் முன்யோசனை. அலை வந்து கதவைத் தட்டும்வரை அது காத்திருப்பதில்லை. நீங்கள் விழுங்கிய ஓரிரு நொடிகளிலேயே, உணவு இன்னும் மேலே இருக்கும்போதே, தளரத் தொடங்கிவிடும். "வரப்போகிறது, வழி விடு" என்று நரம்பு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புச் செல்கள் உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே இருக்கின்றன. அவை அழிந்துபோனால் கீழ்வாய்க்குத் தளரத் தெரியாது, அலையும் ஒழுங்காகக் கிளம்பாது. இந்த நோய்க்கு அக்கலேசியா என்று பெயர், 'தளராமை' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அரிதான நோய். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் ஒருவருக்குப் புதிதாக வருகிறது. பழைய நோயும்கூட. 1674-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், இப்படி இரைப்பையின் வாய் திறக்காத ஒரு நோயாளிக்கு, திமிங்கல எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக்கொடுத்து, அதை உள்ளே விட்டு உணவைத் தள்ளச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எழுந்து நின்று ஒரு டம்ளர் தண்ணீரால் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான்.

உங்களுக்கு அக்கலேசியாதான் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் அந்தச் சந்தேகத்தை உறுதி செய்யவோ தள்ளிவைக்கவோ மிகச் சரியான வழி மானோமெட்ரிதான்.

எண்டோஸ்கோபி வீணாகவில்லை, அதை முதலில் செய்ததுதான் சரியான வரிசை. கட்டி, புண், தழும்பால் வந்த குறுக்கம் இவையெல்லாம் அதில் தெரியும். ஆனால் கேமரா காட்டுவது சுவரை. அந்தச் சுவர் எந்த நொடியில் சுருங்குகிறது, எப்போது தளர்கிறது என்பது அதில் பிடிபடுவதில்லை. நோயின் தொடக்கத்தில் உணவுக்குழாய் விரிந்திருக்காது, பார்க்க அழகாகவே இருக்கும். லேசாக அழுத்தினால் கருவியும் இரைப்பைக்குள் போய்விடும். ஆக 'நார்மல்' என்ற அந்த ரிப்போர்ட்டை 'சுவர் நார்மல்' என்று படியுங்கள். உங்கள் மருத்துவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அப்போது உணவுக்குழாயிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்களா? ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் சேர்வதால் வரும் ஒருவகை அழற்சி, சில சமயம் பார்வைக்கு ஒன்றும் காட்டாமலேயே உணவை நிறுத்தும். திசு பார்த்தால்தான் தெரியும்.

இது எந்தப் பிரஷர்?

நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. தமிழில் 'பிரஷர்' என்றாலே ரத்த அழுத்தம்தானே! இரண்டையும் மில்லிமீட்டர் பாதரசம் என்ற ஒரே அலகில் அளப்பது வேறு குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆனால் ஒன்று ரத்தக்குழாயின் உள்ளே ரத்தம் தரும் அழுத்தம், மற்றது உணவுக்குழாய்த் தசை தன்னைத்தானே இறுக்குவதால் வரும் அழுத்தம். உங்கள் ரத்த அழுத்தம் 150 ஆக இருந்தாலும் உணவுக்குழாயின் கணக்கு அதனால் ஏறாது.

மாத்திரை மட்டும் வேறு கதை, கேட்டது நல்லதாயிற்று. அம்லோடிபின் ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்தித்தான் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் இருப்பதும் அதே வகைத் தசை என்பதால், அங்கேயும் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். நைட்ரேட் மருந்துகளும் வயிற்றுப் பிடிப்புக்கான மருந்துகளும் இதே போலத்தான். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகள் எதிர்த்திசையில் ஏமாற்றும், நோய் இல்லாதவருக்கும் கீழ்வாய் தளராதது போன்ற படத்தைத் தந்துவிடும். எனவே நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எழுதிக்கொண்டு போங்கள். அம்லோடிபினை ஓரிரு நாள் நிறுத்தலாமா, மாற்று கொடுக்கலாமா, தொடர்ந்து சாப்பிட்டபடியே டெஸ்ட் செய்து அதை ரிப்போர்ட்டில் குறித்துக்கொள்ளலாமா என்பதை, உங்களுக்கு ரத்த அழுத்த மருந்து தரும் மருத்துவரும் டெஸ்ட் செய்பவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மயக்கம் ஏன் கொடுப்பதில்லை, அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கும்

தூங்கும் ஒருவரிடம் "விழுங்குங்கள்" என்று சொல்ல முடியாது, இது ஒரு காரணம். மயக்க மருந்து தசையின் நடத்தையையும் மாற்றிவிடும் என்பது இன்னொன்று. ஆகவே விழித்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

பயிற்சிக் காலத்தில் நான் ஒருமுறை சக மருத்துவரிடம் என் மூக்கைக் கொடுத்திருக்கிறேன். அதனால் "ஒன்றுமே தெரியாது" என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் ஐந்து நிமிடம் கஷ்டம். மூக்கில் மரத்துப்போகும் களிம்பு போடுவார்கள். சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள, வளையக்கூடிய மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். தொண்டையின் பின்பக்கத்தைத் தொடும்போது குமட்டும், கண்ணில் நீர் வரும். அந்த நேரத்தில் தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தி, கொடுக்கும் தண்ணீரைச் சிறு மடக்குகளாக விழுங்குங்கள். விழுங்க விழுங்கக் குழாயும் கூடவே இறங்கிவிடும். மூச்சுக்குத் தடை இல்லை, அது போவது உணவின் பாதையில். கீழே போய் நின்றபின் குமட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குழாயில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக உணரிகள் இருக்கும், பல கருவிகளில் 36. தொண்டை முதல் இரைப்பை வரை எல்லா இடத்து அழுத்தமும் ஒரே நேரத்தில் திரையில் நிறங்களாக ஓடும். நீலம் குறைவு, சிவப்பு அதிகம். பிறகு மல்லாந்து படுத்தபடி 5 மில்லிலிட்டர் தண்ணீர் வீதம் பத்து முறை விழுங்கச் சொல்வார்கள். உட்கார வைத்து இன்னும் சில முறை. சின்ன மடக்குகளை விடாமல் ஐந்து முறை விழுங்கச் சொல்வதும், ஒரு டம்ளர் தண்ணீரை முடிந்தவரை ஒரே மூச்சில் குடிக்கச் சொல்வதும் உண்டு. மொத்தம் அரை மணி நேரம் போல ஆகும்.

விழுங்குவதைவிட, இடையில் அரை நிமிடம் விழுங்காமல் இருப்பதுதான் பலருக்குச் சிரமம். "இப்ப விழுங்காதீங்க" என்றதும்தான் வாயில் எச்சில் ஊறும்! ஆனால் அது முக்கியம். முதல் அலை பாதி வழியில் இருக்கும்போது மறுபடி விழுங்கினால், உடல் அந்த அலையை அப்படியே நிறுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்கும். நல்ல அலையும் கெட்டுப்போனது போலப் பதிவாகும். தவறி விழுங்கிவிட்டால் சொல்லிவிடுங்கள், அந்த முறையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஆபத்து என்று பார்த்தால், மூக்கில் சிறிது ரத்தம், ஒரு நாள் தொண்டைக் கரகரப்பு, சிலருக்கு வாந்தி. தலைசுற்றி மயங்குவது எப்போதாவது நடக்கும். உணவுக்குழாயில் துளை விழுவது மிக மிக அரிது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், மூக்கிலோ முகத்திலோ சமீபத்தில் அறுவை செய்துகொண்டவர்களும், இதய நோய் உள்ளவர்களும் முன்பே சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அவை எதுவும் இல்லை. உங்களுக்கென்று ஒரு கவனம் உண்டு. உணவு உள்ளே தங்குகிறது என்பதால், வழக்கமாகச் சொல்லும் ஆறு மணி நேரப் பட்டினி உங்களுக்குப் போதாமல் போகலாம். முந்தைய நாள் திரவ உணவு மட்டும் எடுக்கச் சொல்லலாம். தலையணை நனையும் கதையை டெஸ்ட் செய்பவரிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கையெழுத்துப் போட்ட பிறகும்கூட. தொடங்கும் முன்பே ஒரு கைச்சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்தினால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

வேறு வழியே இல்லையா?

சி.டி. ஸ்கேன் இதற்குப் பதிலாகாது. அது ஒரு கணத்தின் நிழற்படம், விழுங்குவது பத்து நொடி நிகழ்ச்சி. பேரியம் எக்ஸ்ரே உதவும். நின்றபடி மருந்தைக் குடித்ததும் 1, 2, 5 நிமிடங்களில் படம் எடுத்து எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். மானோமெட்ரிக்கு அது நல்ல துணை. தேக்கம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும், ஏன் தேங்குகிறது, எந்த வகை என்பது முழுதாகத் தெரியாது. எண்டோஸ்கோபி செய்யும்போதே, மயக்கத்தில், திரவம் நிரப்பும் பலூன் ஒன்றைக் கீழ்வாயில் வைத்து அது எவ்வளவு விரிந்துகொடுக்கிறது என்று அளக்கும் முறையும் இருக்கிறது. மூக்குக் குழாயைத் தாங்கவே முடியாதவர்களுக்கு அது ஒரு வழி, ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்காது. முதல் முயற்சியில் குழாய் உள்ளே சுருண்டுகொண்டால், எண்டோஸ்கோபி உதவியோடு வைக்கவும் முடியும்.

இன்னும் ஆறு மாதம் மாத்திரையோடு ஓட்டலாமா என்று மனம் கேட்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. எடை குறைகிறது, இரவில் புரையேறுகிறது. தேங்கிய உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். நாள்பட நாள்பட உணவுக்குழாய் விரிந்து, தொய்ந்து, பிறகு எந்தச் சிகிச்சைக்கும் சரியாக ஒத்துழைக்காமல் போவதும் உண்டு. டெஸ்டே வேண்டாம், நேராகக் கீழ்வாயை விரித்துவிடுங்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இறுக்கம் இருக்கிறதா என்று தெரியாமல் அதைத் தளர்த்தினால், கிடைப்பது வாழ்நாள் நெஞ்செரிச்சலாக இருக்கலாம்.

புற்றுநோய் பயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகள் மெதுவாக வளர்ந்த தொந்தரவு, திடமும் திரவமும் சேர்ந்தே நிற்பது, சுத்தமான எண்டோஸ்கோபி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சாத்தியம் குறைவுதான். முழுவதும் இல்லை என்று சொல்லவில்லை. இரைப்பையின் மேல்முனையில் வரும் கட்டி சில சமயம் அக்கலேசியா போலவே நடிக்கும், அப்போது மானோமெட்ரியும் ஏமாறும். வயதானவர்களிடமும், சில மாதங்களிலேயே வேகமாக எடை குறைந்தவர்களிடமும் அந்தச் சந்தேகம் அதிகம். ஆகவே சிகிச்சைக்கு முன் மருத்துவர் இன்னொரு முறை எண்டோஸ்கோபியோ, அப்போது சி.டி. ஸ்கேனோ கேட்டால், "மறுபடியுமா?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும்

எண்களைப் பார்த்து நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டு விஷயங்கள் மட்டும் புரிந்தால் மருத்துவரிடம் பேச உதவும். ஒன்று, விழுங்கியபின் கீழ்வாய் மிக அதிகமாகத் தளர்ந்த 4 நொடிகளில் அங்கே மிஞ்சியிருக்கும் அழுத்தம். பரவலாகப் புழங்கும் ஒரு கருவியில், படுத்த நிலையில் இது 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்க வேண்டும். வேறு கருவியில் வரம்பு வேறு, அதனால் இன்னொருவர் ரிப்போர்ட்டோடு ஒப்பிடுவது வீண்வேலை. இரண்டு, அலையின் பலமும் நேரமும். உலகெங்கும் இவற்றை 'சிகாகோ வகைப்பாடு' என்ற முறைப்படி பிரிக்கிறார்கள். அதன் நான்காம் பதிப்பு 2021-இல் வந்தது.

கீழ்வாய் தளராமல், அலையும் இல்லாமல் இருந்தால் அக்கலேசியா. அதில் மூன்று வகை. முதல் வகையில் உணவுக்குழாய் செயலற்று இருக்கும். இரண்டாவதில் உள்ளே சிக்கிய திரவத்தை முழுக் குழாயும் ஒரே நேரத்தில் அழுத்தும், சிகிச்சைக்கு மிக நன்றாகப் பலன் தருவது இதுதான். மூன்றாவதில் நேரம் தவறிய இறுக்கங்கள் வரும். பலூனால் விரிப்பது, வயிற்றில் சிறு துளைகள் போட்டு (லேப்ராஸ்கோபி) கீழ்வாயின் தசையை வெட்டும் ஹெல்லர் அறுவை, வெளியே வெட்டாமல் எண்டோஸ்கோபி மூலமே உள்தசையை வெட்டும் போயம் என்று மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன. முதல் இரண்டு வகைகளுக்கு மூன்றில் எதுவும் பொருந்தலாம். மூன்றாவது வகைக்கு நீளமாக வெட்டக்கூடிய போயம் பக்கமே சாய்வார்கள், ஆனால் போயத்துக்குப்பின் அமிலம் மேலேறும் தொந்தரவு அதிகம். போன நரம்புகளை எதுவும் திருப்பித் தராது. கதவைத் திறந்துவைத்து, உணவு தன் எடையால் இறங்கும்படி செய்வதே எல்லாவற்றின் வேலையும். 'கீழ்வாயில் மட்டும் அழுத்தம் கொஞ்சம் அதிகம்' என்று தெளிவில்லாமல் ரிப்போர்ட் வந்தால், பேரியம் எக்ஸ்ரே பார்க்காமல் அறுவைக்குச் சம்மதிக்காதீர்கள். 'அலை சற்றுப் பலவீனம்' என்று மட்டும் வந்தால் பயமே வேண்டாம், தொந்தரவே இல்லாத பலரிடமும் அது இருக்கும்.

ரிப்போர்ட்டின் முடிவுப் பக்கத்தோடு நிறப்படங்கள் உள்ள பக்கங்களையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க நேர்ந்தால், அவர் முதலில் தேடுவது அந்தப் படங்களைத்தான்.

டெஸ்ட் நாள் வரும்வரை இரவு உணவை முன்னதாகவே, கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். படுக்கும்முன் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வையுங்கள். எச்சில்கூட இறங்காமல் முழுவதும் அடைத்துக்கொண்டாலோ, ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வந்தாலோ, இருமலோடு காய்ச்சல் வந்தாலோ டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அன்றே வேலைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போகலாம். மயக்க மருந்து இல்லாததால் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் போகலாம். தொண்டை கொஞ்சம் கரகரக்கும் என்பதால், அன்றைக்கு மட்டும் சத்தமாகப் பாடம் நடத்தாமல் மாணவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிடுங்கள்.